லினக்ஸில் டிவிடியைக் கோப்பாக மாற்றலும் வீடியோ தொகுத்தலும்

மாணவர்களே, உங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டி பதியப்பட்ட டிவிடி ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அதிலிருந்து ஐந்து நிமிடக் காட்சியைத் தனியாக எடுக்க வேண்டும். கணினியில் உள்ளது லினக்ஸ் பணிசெயல் முறைமை. இதற்கு எம்மென்பொருள் பொருத்தமானது? ஒரு பெயரை மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. இங்கு இரு வேறு வேலைகள் உள்ளன.

1. கோப்பாக மாற்றல்
ஒற்றைப் படை டிவிடியின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று. அதில் வீடியோ எம்பெக்-2 முறையில் நெருக்கப்பட்டு, விஓபி எனும் பல கோப்புகளாகப் பிரிந்திருக்கும். ஹான்ட்பிரேக் மென்பொருள் இவற்றை வாசித்து, எம்பி4 போன்ற ஒரே கோப்பாக மாற்றும். மீண்டும் நெருக்கும்போது தரம் சற்றுக் குறையும். இழந்த தரத்தை மீளப்பெற முடியாது. ஆகவே மூல டிவிடியைப் பாதுகாத்து வையுங்கள்.

2. தொகுத்தல்
வெட்டுதல், இணைத்தல், தலைப்பிடுதல், ஒலி சேர்த்தல் என்பன இதில் அடங்கும். கேடென்லைவ், ஓபன்ஷொட், ஷொட்கட் ஆகியன இதற்குரியவை.

மேற்கூறிய நான்கும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்களாகும்.

3. பூட்டிய டிவிடி
கடைகளில் விற்கப்படும் திரைப்பட டிவிடிகள் பல, சிஎஸ்எஸ் எனும் மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டவை. ஹான்ட்பிரேக் தானாக இப்பூட்டைத் திறப்பதில்லை. பாடசாலையில் பதிந்த டிவிடியில் பொதுவாக இப்பூட்டு இராது.

கவனிக்க: மென்பொருள் இலவசம் என்பதால் திரைப்படமும் இலவசமாகிவிடாது. திறந்த மூல உரிமம் மென்பொருளுக்கு மட்டுமே உரியது. பிறரின் திரைப்படத்தை அனுமதியின்றிப் பிரதிசெய்து விநியோகித்தல், இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமை மீறலாகும்.

மாதிரி வினா
90 நிமிட வீடியோ, ஒலி உட்படச் செக்கனுக்கு 1.5 மெகாபிற்று வீதத்தில் நெருக்கப்படுகிறது. கோப்பின் பருமன் யாது?

விடை
நேரம் = 90 × 60 = 5400 செக்கன்
மொத்தப் பிற்றுகள் = 5400 × 1.5 = 8100 மெகாபிற்று
8 பிற்று = 1 பைற்று ஆதலால்,
பருமன் = 8100 ÷ 8 = 1012.5 மெகாபைற்று

8 ஆல் வகுக்க மறப்பதே இவ்வகை வினாக்களில் புள்ளி இழக்கக் காரணம். அலகை எழுதிய பின்னரே அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள்.