வெளிநாட்டு ஆஃபர் வந்தாச்சா? சம்பளத்தை எண்ணுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியைப் பாருங்க!



"சம்பளம் மூணு மடங்கு, அங்க ட்ரீட்மென்ட்டும் ஃப்ரீ, வேற என்ன வேணும்?" வெளிநாட்டு ஆஃபர் கைக்கு வந்ததும் நம்மில் பலர் இப்படித்தான் யோசிக்கிறோம். அந்த 'ஃப்ரீ'ங்கிற வார்த்தையைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

அதுக்கு முன்னாடி ஒரு குட்டி வரலாறு. நாம லீவுக்குப் போற கொடைக்கானல் ஒரு ஊராக வளர ஆரம்பிச்சதே ஆரோக்கியத்தைத் தேடி வந்த குடும்பங்களால்தான். 1834-ல் மதுரையில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் நோயில் சொந்தங்களைப் பறிகொடுத்தார்கள். முதலில் பக்கத்தில் இருந்த சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம்தான் பழனி மலையில் இன்னும் உயரத்துக்கு ஏறி, 1845-ல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள்.

இன்னைக்கு அதே ஊர்ல கணக்கு வேற. காத்து நல்லா இருக்கு. ஆனா பெரிய சிகிச்சைன்னா மலையிறங்கி, வத்தலகுண்டு வழியா சுமார் 120 கி.மீ. தள்ளி மதுரைக்குத்தான் போகணும். இதுல நமக்கு என்ன பாடம்? ஒரு ஊர் நல்ல ஊரா இருக்கிறது வேற, நமக்கு முடியாமப் போகும்போது வைத்தியம் கைக்கு எட்டுறது வேற.

சரி, ஒரு உதாரணக் குடும்பம் எடுத்துக்குவோம். கொடைக்கானல்காரர், சென்னையில ஐ.டி. வேலை. மனைவி, 4 வயசுக் குழந்தை. ஊர்ல 62 வயசு அப்பா, சுகர் இருக்கு. எந்த நாட்டு ஆஃபர் வந்தாலும் இவர் நாலு கேள்வி கேட்கணும்.

1. பணம் யார் கட்டுறாங்க, எப்போ?

பிரிட்டன்ல என்.ஹெச்.எஸ். மூலமா டாக்டரைப் பார்க்கிறதும் ஆஸ்பத்திரியில சேருறதும் இலவசம்தான். ஆனா விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவ சர்சார்ஜ் கட்டணும். 2024 பிப்ரவரியிலிருந்து பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்கு உட்பட்டவங்களுக்கு 776 பவுண்டு. மூணு வருஷ விசான்னா:

பெரியவங்க 2 பேர்: 1,035 × 3 × 2 = 6,210
குழந்தை: 776 × 3 = 2,328
மொத்தம்: 8,538 பவுண்டு

ஒரு பவுண்டு 110 ரூபாய்னு வச்சுக்கிட்டா, ரூ.9.39 லட்சம்! முதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே, ஒரே தவணையில. இதைக் கம்பெனி ஏத்துக்குமான்னு ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. அப்புறம் கேட்டா பலன் இருக்காது.

ஜெர்மனியில வேற முறை. அரசு சார்ந்த காப்பீட்டுக்கு அடிப்படை விகிதம் சம்பளத்துல 14.6%, அதோட ஒரு கூடுதல் சதவீதம். பாதி நீங்க, பாதி கம்பெனி. மாசாமாசம் பிடிச்சுடுவாங்க.

2. குடும்பத்துல யார் உள்ளே, யார் வெளியே?

அதே ஜெர்மனி முறையில, வருமானம் இல்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் தனியா பிரீமியம் கிடையாது. துபாய்ல உங்களுக்குக் காப்பீடு எடுக்க வேண்டியது கம்பெனியோட கடமை. ஆனா மனைவி, குழந்தைக்கு ஸ்பான்சர் நீங்கன்னா, அவங்க செலவு உங்க தலையில. சிங்கப்பூர்ல மெடிஷீல்டு லைஃப் திட்டம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். எம்ப்ளாய்மென்ட் பாஸ்ல போறவங்களுக்குக் கம்பெனி பாலிசிதான் துணை. அதுல குடும்பம் இருக்கா, உச்சவரம்பு எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க.

3. முதல் கதவு எது?

மதுரையில முழங்கால் வலின்னா அன்னைக்குச் சாயங்காலமே எலும்பு டாக்டரைப் பார்த்துடலாம். பிரிட்டன்ல முதல்ல ஏரியா குடும்ப டாக்டர்கிட்ட பதிவு பண்ணணும். அவர் அனுப்பினாத்தான் ஸ்பெஷலிஸ்ட். அவசரம் இல்லாத ஆபரேஷனுக்கு மாசக்கணக்குல காத்திருக்க வேண்டி வரலாம். ஏற்கெனவே தொடர் சிகிச்சையில இருக்கிறவங்க ஃபைல், மருந்துப் பேர் எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க.

4. ஊர்ல இருக்கிறவங்களுக்கு என்ன?

நாம கோட்டை விடுறது இங்கதான். இதுவரைக்கும் அப்பா உங்க கம்பெனி குரூப் பாலிசியில இருந்தாரா? நீங்க ரிசைன் பண்ணினதும் அந்தக் கவரும் போயிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு ரூ.5 லட்சம் வரை கிடைக்கும். ஆனா குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள்ள இருக்கணும். நம்மள மாதிரி சம்பளக்காரங்க குடும்பம் பெரும்பாலும் அதுல வராது.

புதுசா பாலிசி எடுத்தா, சுகர் மாதிரி ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். 2024 ஏப்ரல்ல 4 வருஷத்திலிருந்து குறைச்ச விதி இது. அதனால ஃபிளைட் ஏறுற அன்னைக்கு எடுக்குற பாலிசி, அப்பாவோட சுகர் சம்பந்தப்பட்ட செலவுக்கு உடனே கை கொடுக்காமப் போகலாம்.

என்ன செய்யலாம்?

• வேலையை விடுறதுக்கு முன்னாடியே, குரூப் பாலிசியை அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசியா மாத்த விண்ணப்பியுங்க. ஏற்கெனவே கழிச்ச காத்திருப்புக் காலம் வீணாகாது.

• உங்க பேர்ல இருக்கிற இந்தியத் தனிநபர் பாலிசியை நிறுத்தாதீங்க. பெரும்பாலும் அது இந்தியாவுக்குள்ள மட்டும்தான் செல்லும். ஆனா திரும்பி வர்ற அன்னைக்கு மறுபடி முதல்ல இருந்து காத்திருக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

• அப்பா பாலிசியோட கேஷ்லெஸ் லிஸ்ட்ல மதுரை, திண்டுக்கல் ஆஸ்பத்திரிகள் இருக்கான்னு பாருங்க. சென்னை லிஸ்ட் கொடைக்கானல்காரருக்கு உதவாது.

• ராத்திரி ரெண்டு மணிக்கு மலையிறக்கிக் கூட்டிட்டுப் போக யாரு? அந்த ஆள்கிட்ட பாலிசி நகல், ஆஸ்பத்திரிப் பேர், அட்வான்ஸ் கட்டப் பணம், மூணும் இருக்கணும்.

ஆஃபரை வேண்டாம்னு சொல்லச் சொல்லல. போங்க, சம்பாதிங்க. ஆனா ஒரு பேப்பர்ல குடும்பத்துல இருக்கிற எல்லார் பேரையும் எழுதி, ஒவ்வொரு பேருக்கு எதிரேயும் "முடியலைன்னா எங்க, யார் பணத்துல?"ன்னு பதில் எழுதுங்க. ஒரு பேருக்கு எதிரே காலியா இருந்தாலும், ரிசிக்னேஷன் மெயிலை அனுப்பாதீங்க.

இந்த நாலு கேள்விக்குமான அட்டவணையை எப்படிப் போடுறதுன்னு வீடியோவுல காட்டியிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து பாருங்க. அப்பாவையும் போன்ல சேர்த்துக்கோங்க!