இதுல நம்ம வெயிலு உண்டா?

1990-களில் நாகர்கோவில் செட்டிகுளத்துப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் நான் தொழில் படித்தேன். முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். திருவனந்தபுரத்திலிருந்து எடைக்கு வரும் பழைய பேப்பர் கட்டுகளில் வெளிநாட்டுப் போட்டோ பத்திரிகை கிடந்தால், கடைக்காரர் அவருக்கென்று எடுத்து வைத்துவிடுவார். மாதம் நாலைந்து தேறும். அட்டை போனது, நடுவில் தாள் போனது என்று பார்க்காமல் வாங்குவார்.

அண்ணாச்சி அவற்றை வாசித்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தில் தொடங்கி முன்னால் புரட்டிக்கொண்டே வருவார், படங்களில் மட்டும் நின்று நின்று. முடித்ததும் என் பக்கம் தள்ளுவார்: "லேய் மக்கா, படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல நம்ம வெயிலு உண்டா பாரு."

குசும்பு என்றுதான் நினைத்தேன். அது குசும்பில்லை என்று தெரிய ஒரு பிலிம் ரோல் செலவாயிற்று.

அப்படி வந்த ஓர் இங்கிலாந்துப் பத்திரிகையில் ‘பொன்னான ஒரு மணி நேரம்’ பற்றி அழகான கட்டுரை இருந்தது. சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம் ஒளி பொன்னாக இருக்கும், அவசரப்படாதீர்கள், இரண்டு மூன்று இடம் மாறி நின்று பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு தை மாதம் விடியுமுன்னே மணக்குடிக் காயலுக்குப் போனேன். 6.35 வாக்கில் சூரியன் எழும்பியது. ட்ரைபாடை நிறுத்தி நாலு படம் எடுத்தேன். ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று கடைக்குப் போய் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, பாலத்தின் மறுபக்கம் நடந்தேன். ஏழு மணிக்கு ஒளி வெளுத்துவிட்டது. ஏழரைக்குத் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. 36 படத்தில் ஆறு தேறியது. அதில் நாலு சாயாவுக்கு முன்னால் எடுத்தவை.

கணக்கு எளிது. வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நாம் இருப்பது வடக்கே எட்டு டிகிரியில். இங்கே அது ஏறக்குறையச் செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயர 25 நிமிடம் போதும். லண்டனில் சாய்வாக ஏறும். மார்ச்சில் அதே உயரத்துக்கு 40 நிமிடம், டிசம்பரில் 50-ஐத் தாண்டும். இன்னொன்று: டிசம்பர் நடுவில் லண்டனில் உச்சி வெயில் நேரத்திலேயே சூரியன் 15 டிகிரிதான் மேலே நிற்கும். அங்கே பகல் முழுக்க நம்முடைய காலை எட்டு மணிக்கு முந்தின வெளிச்சம். கன்னியாகுமரியில் அதே நாளில் 58 டிகிரி. அந்தக் கட்டுரையில் பொய் எதுவும் இல்லை. அது வேறு ஊர் வெயிலுக்கு எழுதியது, அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் எழுதியவர் எந்த அட்சரேகையில் நிற்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன். கோடையில் பகல் பதினொன்றுக்கு எப்படி எடுப்பது என்று ஒரு கட்டுரையாவது போடாத பத்திரிகை இங்கே கல்யாணம் எடுக்கிறவனுக்குப் பாதிதான் உதவும்.

வெயிலைப் போலத்தான் தோலும். முகத்தில் மீட்டர் வைத்து ஒரு ஸ்டாப் கூட்டு என்பது பழைய பத்திரிகைகளின் பால பாடம். அமெரிக்கப் போட்டோகாரர் ஆன்சல் ஆடம்ஸின் ஜோன் முறையில் வெள்ளைக்காரர் தோல் ஆறாம் ஜோன். நடுச் சாம்பலுக்கு ஒரு படி மேலே. அந்த ஒரு ஸ்டாப் அதிலிருந்து வந்தது. குளச்சலில் கரைமடி வலை இழுக்கிற, நன்றாகக் கறுத்த ஒருவரை நான் அந்தக் கணக்கில் எடுத்தேன். அவர் முகம் சாம்பல் பூத்த மாதிரி வந்தது. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துண்டு நூல் தெரியாமல் வெறும் வெள்ளையாகிப் போனது. கலர் லேப்களுக்கே கோடாக் நிறுவனம் பல ஆண்டுகள் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். ஷெர்லி கார்டு என்பார்கள். ஆகவே ஒரு இதழைக் கையில் எடுத்ததும் அதில் கறுத்த முகங்களைத் தேடுங்கள். இருந்தால் அவை எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள்.

இனி, தொழில் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு சங்கதி. பலரும் கவனிக்காத இடம் இது.

நான் தனியாக ஸ்டுடியோ போட்ட பிறகு, மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாணம். கோயில் வாசலில் மழை; குடைக்கு அடியில் மணப்பெண் திரும்பிப் பார்த்து அழுகிறாள். என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்களில் ஒன்று. ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் சட்டப் பகுதி ஒன்று விடாமல் வாசித்து வந்தேன். ஷட்டரை அமுக்கியவனுக்கே உரிமை, எழுதிக் கொடுக்காதவரை யாரும் பறிக்க முடியாது என்று அதில் படித்த தைரியத்தில் படத்தைப் போட்டிக்கு அனுப்பினேன். பரிசும் கிடைத்தது, அச்சிலும் வந்தது. மறுவாரம் பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. நின்றபடியே கேட்டார்: "எனக்க மோளு அழுத படம். நான் சக்கரம் தந்து எடுப்பிச்ச படம். நீரு யாருட்ட கேட்டு அனுப்பினீரு?"

பதில் இல்லை என்னிடம். பிறகு ஒரு வக்கீல் நண்பர் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் போட்டோவின் முதல் உரிமையாளர். அமெரிக்காவில் நேர்மாறு. நான் வாசித்தது அந்த நாட்டுக்குச் சரி, மார்த்தாண்டத்துக்குச் சரியில்லை. இப்போது என் பில் புத்தகத்தின் அடியில் காட்சிக்கும் போட்டிக்கும் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒரு வரி அச்சடித்திருக்கிறேன், அதன் பக்கத்தில் கையெழுத்து. பாதிப் பேர் போடுகிறார்கள். போடாதவர்கள் படம் ஹார்ட் டிஸ்கை விட்டு வெளியே போகாது. கூலி, ஒப்பந்தம், உரிமை பற்றி எழுதாத பத்திரிகை பொழுதுபோக்குக்காரர்களுக்கு. எழுதுகிறது என்றால், எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள். பத்திரிகை நடத்தும் போட்டி என்றால் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளையும் வாசியுங்கள். பரிசு கிடைக்காத படத்தையும் காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்வோம் என்று சில இடங்களில் இருக்கும்.

கருவி விமர்சனம் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆர்வமில்லை. ஒரு தடவை சூடு பட்டேன். ஒரு பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்த லென்சைக் கடன் வாங்கி வாங்கினேன். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவில் தேர் வரும் இரவு அது குவியம் தேடித் தேடி முன்னும் பின்னும் ஓடியதே தவிர நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து இதழை எடுத்துப் பார்த்தால், சோதனைப் படங்கள் எல்லாம் பகலில் எடுத்தவை. பின் அட்டையில் அதே கம்பெனி விளம்பரம். அண்ணாச்சி ஏன் பின்னாலிருந்து புரட்டினார் என்று அப்போது புரிந்தது. அந்தக் கால அமெரிக்க இதழ்களில் பின்பகுதி முழுக்க நியூயார்க் கடைகளின் விலைப்பட்டியல்தான். இப்போது ஓராண்டு இதழ்களை வரிசையாக வைத்து ஒன்றை மட்டும் தேடுகிறேன்: வாங்காதே என்று ஒரு பொருளைப் பற்றியாவது சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவேன். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைக் கோத்து ஒன்று செய்து அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதை வைத்துத்தான் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் பத்தியும் எழுதினார். எந்த விமர்சனத்திலும் அந்தக் கேமராவுக்கு நட்சத்திரம் கிடைத்திருக்காது.

படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பை நான் ரொம்பப் பார்ப்பேன். எஃப் 8, 1/250 என்று மட்டும் போட்டிருந்தால் அதனால் எனக்கு நாலணாப் பிரயோசனம் இல்லை. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் பார்த்து நின்றார், எவ்வளவு நேரம் காத்திருந்தார், எதை விட்டுவிட்டு இதை எடுத்தார் என்று இருந்தால் சந்தா கட்டலாம்.

அச்சுத் தரத்துக்குச் சிவகாசியில் ஆல்பம் அடிக்கப் போனபோது ஒரு மெஷின்மேன் சொல்லித் தந்த வித்தை உண்டு. லூப் என்கிற உருப்பெருக்கியை வைத்து முதலில் சாம்பல் நிறச் சுவரோ மேகமோ பார்க்க வேண்டும். அதில் பச்சையோ சிவப்போ ஏறியிருந்தால் மற்ற நிறங்களையும் நம்ப வேண்டாம். பிறகு கண்ணிமையின் ஓரம்; அச்சு மைப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் அங்கே ஒரு வண்ணக் கோடு தெரியும். படம் கூர்மையாக இல்லை என்று நாம் போட்டோகாரரைத் திட்டுவோம், தப்பு அச்சகத்தில் நடந்திருக்கும்.

பத்திரிகைப் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: இந்திய விலையும் இந்தியச் சந்தையும் தெரிய வேண்டுமானால் 1997-ல் மும்பையில் தொடங்கிய பெட்டர் போட்டோகிராபி, அதன் பிறகு வந்த ஸ்மார்ட் போட்டோகிராபி போன்றவற்றின் பழைய இதழ்களையாவது புரட்டுங்கள். நம் பக்கத்து மனிதர்களை இன்றைய கலைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு 2011-ல் டெல்லியில் தொடங்கிய பிக்ஸ். ஆடம்ஸ், டோரதியா லாங், மைனர் வைட் முதலியோர் 1952-ல் தொடங்கிய அபெர்ச்சரில் கருவிப் பேச்சு இராது. முதலில் தலைசுற்றும், விடாதீர்கள். எனக்குப் பிடித்தது லென்ஸ்வொர்க். விளம்பரமே இல்லாதது, கறுப்பு வெள்ளை அச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் மேசையில் ஒரு இதழ் எப்போதும் கிடக்கும். 1854-ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் போட்டோகிராபி இன்னும் இருக்கிறது. 1937-ல் தொடங்கிய அமெரிக்காவின் பாப்புலர் போட்டோகிராபி 2017-ல் அச்சை நிறுத்திவிட்டது. ஆகவே மூன்றாண்டுச் சந்தா ஒருபோதும் கட்டாதீர்கள். நான் கட்டிய ஒன்றில் பாதி இதழ்கள் தபாலில் வரவே இல்லை. மேக்ஸ்டர் என்று சென்னைக்காரர்கள் 2011-ல் தொடங்கிய செயலி உண்டு; அதில் ஒரு மாதம் பணம் கட்டி நாலைந்தை ஒப்பிட்டுவிட்டு, பிறகு ஒன்றைத் தாளில் வாங்கலாம். வாங்கினால் நிறுத்தி அடுக்கி, இடையில் காற்று போக விடுங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஈரம் பட்டால் ஆர்ட் பேப்பர் ஒன்றோடொன்று பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் மறுபக்கத்தில் வந்துவிடும்.

போன வருடம் என்னிடம் வேலை படிக்க வந்த பிள்ளை, "அண்ணாச்சி, நான் எதுக்கு சந்தா கட்டட்டும்?" என்று கேட்டாள். பரணிலிருந்து ஒரு கட்டு இறக்கிக் கொடுத்தேன். அதில் அந்த இங்கிலாந்து இதழும் இருந்தது. பொன்னான ஒரு மணி நேரம் என்ற தலைப்புக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு முன்னால் நான் பென்சிலால் எழுதியிருந்தேன்: ‘மணக்குடி, 25 நிமிஷம்.’ இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். என் கையெழுத்துக்குக் கீழே நீல மையில் இன்னொரு வரி ஏறியிருந்தது: ‘முட்டம் சாயங்காலம், மேகம் இருந்தா 10.’