எழுத்தும் விருந்து படைக்கும்

உணவுக் கடையின் வாயிலில் நாவிற்கு முன்பே கண் உண்ணத் தொடங்கிவிடுகிறது. கண்ணுக்குப் பரிமாறப்படுவது பலகையிலுள்ள எழுத்து.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தை நெருங்கும்போது இருபுறமும் எத்தனை பலகைகள்! சிலவற்றை ஒரே பார்வையில் படித்துவிடுகிறோம். சிலவற்றைப் படிப்பதற்குள் வண்டி கடந்துவிடுகிறது. காரணம் என்ன?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். 50 மீட்டர் தொலைவில் பலகை கண்ணிற் பட்டால், படிக்கக் கிடைப்பது மூன்றே நொடி. எல்லா எழுத்தும் ஒரே அளவில், ஒரே தடிப்பில் இருந்தால் எங்கே தொடங்குவதென்று கண் தடுமாறும். ஆகவேதான் மாறுபட்ட இரண்டு எழுத்து வகைகளைச் சேர்த்து அமைக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு. தமிழில் அஃதில்லை. அளவு, தடிப்பு, வடிவம் ஆகியவற்றாலேயே நாம் வேறுபாடு காட்டவேண்டும். இன்று கணினியில் கிடைக்கும் எழுத்துருக்களில் 'பாலூ தம்பி' உருண்டு திரண்டது. கடையின் பெயருக்குப் பொருந்தும். 'முக்தா மலர்' அடக்கமானது, விலைப்பட்டியலுக்கு ஏற்றது. குழைந்த சோற்றுக்கு மொறுமொறுப்பான அப்பளம் துணையாவதுபோல் இவ்விரண்டும் சேரும். ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும் இரண்டைச் சேர்த்தாலோ, கை தவறி எழுதியதுபோல் தோன்றும்.

இப்பாடத்தை நாங்கள் பட்டறிந்தே கற்றோம். எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் கடற்கரையில் மீன் வறுத்து விற்கிறார். அவருக்குப் பலகை எழுதித் தந்தபோது, ஆர்வ மிகுதியால் ஐந்து வகை எழுத்துகளைப் புகுத்தினோம். 'நண்டு' என்பதில் ணகரத்தின் சுழிகள் தடிப்பில் அடைபட்டுப் போயின. 'மீன்' என்பதன் புள்ளியைப் பூவாக வரைந்தோம். அது பூவாகவே தெரிந்தது!

1578-இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' நூலில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. அஃது அக்கால வழக்கு. படிப்பவர் இடமறிந்து உணர்ந்துகொண்டனர். சாலையில் விரைபவருக்கு அவ்வளவு பொறுமை ஏது?

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா, "பலகை அழகாத்தான் இருக்கு பிள்ளைங்களா. ஆனா வர்றவங்க எல்லாம் என்ன கிடைக்கும்னு கேக்குறாங்களே!" என்றார். அவருடைய அன்றாட வருவாயில் நாங்கள் விளையாடிவிட்டோமே என்று வெட்கினோம். வெள்ளைப் பின்னணியில் 'வறுத்த மீன்' என்பதை மட்டும் கருநீலத் தடித்த எழுத்தில் எழுதி, மற்றவற்றை மெல்லிய எழுத்தில் கீழே அமைத்தோம். இப்போது வருபவர்கள் விலையைத்தான் கேட்கிறார்கள்.

நினைவிற் கொள்வோம்:

1. ஒரு பலகைக்கு இரண்டு எழுத்து வகைகள் போதும்.
2. வேறுபாடு ஐயமின்றித் தெரியவேண்டும்.
3. சுழியும் புள்ளியும் தொலைவிலிருந்தும் தெளிவாக இருக்கவேண்டும்.

தோழியரே, பலகை எழுதுமுன் நம் கைத்திறனை மறந்து, பசியோடு வருபவரையும் அடுப்பருகே காத்திருப்பவரையும் நினைப்போம்.