கையெழுத்துக்கு முன் ஒரு முடிவு: சிறுதொழிலும் அரசு உதவியும்



"தொழில் தொடங்க மானியம் கிடைக்குமா?" நமது அலுவலகத்துக்கு வருபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. தையல் கடை, மசாலா பொடி, பேக்கரி, ஏ.சி. பழுது பார்த்தல் என்று தொழில்கள் வேறு வேறாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். நாம் திருப்பிக் கேட்பது: "வங்கிக் கடனும் சேர்ந்துதான் வரும். அதற்கு வீட்டில் சம்மதமா?" இந்த இடத்தில் பலர் தயங்கி நிற்கிறார்கள்.

அரசு மானியம் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, வங்கிக் கடனோடு கட்டப்பட்டே வருகிறது. எனவே எந்த வழியில் போகப் போகிறோம் என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகே அலுவலகப் படி ஏற வேண்டும். இந்த வரிசை மாறுவதால் குடும்பங்கள் படும் சிரமத்தை நாம் தொடர்ந்து பார்த்து வருகிறோம். இம்மாதப் பாடத்தில் இதையே விளக்குகிறோம்.

1. கடைத்தெருவுக்கு வழி கேட்ட நபித்தோழர்

மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி). அன்சாரித் தோழரான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) தமது செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அவரோ, கொடுக்க முன்வந்தவருக்காக துஆச் செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்று, சிறிது சிறிதாக முன்னேறினார். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் செய்தி இது.

பாதிச் செல்வம் எதிரே இருந்தபோதும் அவர் முதலில் தேடியது சந்தையை. இன்று வங்கி மேலாளர் திட்ட அறிக்கையைப் புரட்டியதும் கேட்பதும் அதுதான்: "உங்கள் பொருளை யார் வாங்குவார்கள்?" இதற்குப் பதில் இல்லாதவருக்கு மானியம் கிடைத்தாலும் அது தொழிலாக நிற்காது. ஆகவே வீட்டிலேயே இரண்டு மாதம் சிறிய அளவில் செய்து, பத்து வீடுகளுக்கும் நான்கு கடைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். வரவையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் திட்ட அறிக்கைக்கு அடிப்படை.

2. மானியம் உண்மையில் எப்படி வருகிறது?

நம் மக்கள் அதிகம் கேட்டு வருவது பாரதப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.). 2008 முதல் நடைமுறையில் உள்ளது. மாவட்ட தொழில் மையம், கதர் கிராமத் தொழில் ஆணையம், கதர் கிராமத் தொழில் வாரியம் ஆகியவை வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் சிறுபான்மையினரும் பெண்களும் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். அவர்களுக்கு மானியம் ஊரகப் பகுதியில் 35 விழுக்காடு, நகரப் பகுதியில் 25 விழுக்காடு. சொந்தப் பங்கு 5 விழுக்காடு போதும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கிராமத்தில் ஒரு சகோதரி 4 லட்சம் ரூபாயில் மசாலா அரவை ஆலை தொடங்க நினைக்கிறார்.

சொந்தப் பங்கு: 20,000 ரூபாய்.
வங்கிக் கடன்: 3,80,000 ரூபாய்.
மானியம்: 1,40,000 ரூபாய்.

இந்த 1,40,000 ரூபாய் அவர் கைக்கு வராது. அது அவர் பெயரில் வங்கியிலேயே மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு ஈடான கடன் பகுதிக்கு வட்டி கணக்கிடப்படாது. வைப்புக்கும் வட்டி வராது. மூன்று ஆண்டுகள் கழித்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்துச் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். மீதி 2,40,000 ரூபாயை அவர் வட்டியோடு தவணையாகக் கட்ட வேண்டும்.

"மானியத்தை வாங்கிக் கல்யாணச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் இடைத்தரகராகவே இருப்பார். இத்திட்டத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது.

இன்னொரு முக்கியமான செய்தி: இத்திட்டத்தில் முதல் முறை கிடைக்கும் உதவி புதிய தொழில்களுக்கு மட்டுமே. நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம், விண்ணப்பம் போட்ட கையோடு நகையை அடகு வைத்துக் கடைக்கு முன்பணம் கொடுத்து, இயந்திரமும் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டது. கோப்பு நகர மாதங்கள் ஆயின. கடைசியில் "தொழில் ஏற்கெனவே நடக்கிறதே" என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. நகையும் மீளவில்லை, மானியமும் வரவில்லை. சோதனைக்காக வீட்டில் சிறிதாகச் செய்து பார்ப்பது வேறு, கடை திறந்து பதிவு செய்து நடத்துவது வேறு. இந்த வழியில் போகிறவர்கள் கடன் ஒப்புதல் வரும்வரை இயந்திரம் வாங்க வேண்டாம், இருக்கும் வேலையையும் விட வேண்டாம்.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை மாவட்ட தொழில் மையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. வட்டி: மறைத்துப் பேச வேண்டாம்

அரசுத் திட்டம் என்பதால் வட்டி வட்டியாக இல்லாமல் போய்விடாது. தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் (டாம்கோ) தரும் கடனிலும் வட்டி உண்டு, விகிதம்தான் குறைவு. நாம் ஃபத்வா சொல்லும் இடத்தில் இல்லை. உங்கள் சூழ்நிலையை முழுமையாகச் சொல்லி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் அல்ல, விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்.

ஆனால் ஒன்றை வேதனையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. "வங்கி வேண்டாம், ஹராம்" என்று திண்ணையில் பேசிவிட்டுப் போகிறோம். அதே வீட்டுப் பெண்கள் வாரத் தவணைக் குழுக் கடனில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வியாபாரம் செய்யும் பிள்ளை கந்து வட்டிக்காரரிடம் நிற்கிறான். தவணை நாளில் வீட்டு வாசலில் சத்தம் கேட்கும்போதுதான் குடும்பத்துக்கே தெரிகிறது. வட்டியைத் தவிர்ப்பதென்றால் எல்லா வட்டியையும் தவிர்க்க வேண்டும். அதற்கு மாற்று வழியைக் காட்டுவது ஜமாஅத்தின் பொறுப்பு.

4. கடன் இல்லாத வழி

கடன் வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்கும் அரசிடம் பெற வேண்டியவை உண்டு.

உத்யம் பதிவு: 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம். பணம் கேட்கும் போலித் தளங்கள் பல உள்ளன, கவனம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு: வீட்டில் ஊறுகாய், பிஸ்கட், மசாலா செய்து விற்பவர்களுக்கும் இது கட்டாயம். சிறு விற்பனையாளருக்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். இந்த எண் பொட்டலத்தில் இருந்தால்தான் பெரிய கடைகள் வாங்கும்.

முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம்: மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்குகிறது. விதவைகள், கைவிடப்பட்டோர், ஏழைப் பெண்கள் சிறுதொழில் செய்ய உதவி கோரலாம். மக்கள் தரும் நன்கொடைக்கு ஏற்ப அரசும் இதற்கு மானியம் சேர்க்கிறது. எனவே வசதி படைத்தவர்கள் இச்சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால் அதன் பயன் பெருகும்.

5. இரு வழிக்கும் பொதுவானது: பெயர்

நம் விண்ணப்பங்கள் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் பெயர்தான். ஆதாரில் முகமது, பான் அட்டையில் முஹம்மது, பள்ளிச் சான்றிதழில் முகம்மது. ஒன்றில் பேகம், இன்னொன்றில் பீவி. திருமணத்துக்கு முன் தகப்பனார் முன்னெழுத்து, பின்பு கணவர் முன்னெழுத்து. நமக்கு எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று ஆள்.

இன்றிரவே வீட்டிலுள்ள அட்டைகளை ஒரு விரிப்பில் பரப்பி, ஆங்கில எழுத்துகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பள்ளிச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். தொழில் தொடங்காவிட்டாலும் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு இவை உதவும்.

6. அலுவலகத்தில் நடந்துகொள்ளும் முறை

எந்த மனுவைக் கொடுத்தாலும் நகல் ஒன்றில் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சிறு, குறு தொழிலுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம். மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கோப்பின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கோபமாகப் பேசினால் கோப்பு நகராது. எழுத்து நகர்த்தும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரா அல்பகராவின் 282-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. அப்படியிருந்தும் நம் வீடுகளில் "அவர் நம்ம ஆள், எழுத்து எதற்கு?" என்று விட்டுவிடுகிறோம். அண்ணன் தம்பி கூட்டு வியாபாரம் செய்தாலும் யார் எவ்வளவு போட்டார், லாபம் எப்படிப் பிரியும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர், ஜுமுஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் அமர்ந்து பெயர்த் திருத்தத்துக்கும் விண்ணப்பத்துக்கும் உதவினால் பல குடும்பங்கள் தரகர் கையிலிருந்து தப்பும். பைத்துல்மாலில் ஒரு பகுதியை அழகிய கடனாக ஒதுக்குங்கள். ஜகாத் பெறத் தகுதியானவருக்கு, பண்டிகைச் செலவுக்கு மட்டும் கொடுக்காமல், தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அவர் வாங்கும் நிலையில் இருக்கக் கூடாது என்பதே நமது எண்ணமாக இருக்கட்டும்.

அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு ஹலாலான வருவாயைத் தந்து, நம் தொழில்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.