வீட்டு முற்றத்தில் புற்றரை அமைத்தலும் பேணலும்

வெங்காயப் பாத்தியிலும் மிளகாய்த் தோட்டத்திலும் அறுகை வேரோடு களைவதற்கே கூலியிற் பெரும்பகுதியைச் செலவிடும் கமக்காரரிடம், அதே அறுகை வீட்டு முற்றத்தில் நட்டு வளர்க்கும் முறையைக் கூறுவது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் புதிதாகக் கல்வீடு கட்டுவோரும், வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் உறவினரும் முற்றத்திற் புற்றரை வேண்டுமென விரும்புகின்றனர். அதனை அமைத்துக் கொடுக்கும் வேலையும், பின்னர் அதற்கு நீரிறைக்கும் பொறுப்பும் பெரும்பாலும் ஊரிலிருக்கும் கமக்காரக் குடும்பத்தையே சேர்கின்றன. ஆகவே இதனைச் சரியான முறையில் அறிந்திருத்தல் நன்று.

புற்றரையால் வரும் பயன் அழகு மட்டுமன்று. சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களிற் செம்புழுதி வீட்டினுள் ஏறாமல் அது தடுக்கும். மாரியில் முற்றத்து மேல்மண் ஒழுங்கைக்கு அடித்துச் செல்லப்படுவதையும் தடுக்கும். வெறுந்தரையிற் பட்டுத் திரும்பும் வெப்பமும் குறையும். இப்பயன்களிற் சிலவற்றை எமது முன்னோர் சாணம் தெளித்துக் கூட்டிய முற்றத்தாலும் வெண்மணல் பரப்பிய முற்றத்தாலும் பெற்றனர். அத்தகைய முற்றத்திற்குக் கிணற்றிலிருந்து நீர் இறைக்க வேண்டியதில்லை. அதனைப் பழமை என்று இகழ்தல் தகாது.

புற்றரை என்னும் வழக்கம் ஐரோப்பாவின் ஈரமான நாடுகளில் வளர்ந்தது. புல் வெட்டும் இயந்திரமும் 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்திலேயே ஆக்கப்பட்டது. இலண்டன் நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. யாழ்ப்பாணத்திலோ அதைப்போல் இரு மடங்கு பெய்கிறது. அவ்வாறாயின் எமது முற்றத்திற் புல் ஏன் கருகுகிறது? அங்கே மழை பன்னிரண்டு மாதங்களுக்கும் பகிர்ந்து பெய்கிறது, வெயிலும் மெல்லியது. இங்கே ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் மழையின் பெரும்பகுதி முடிந்துவிடும். சித்திரையில் வரும் சிறுமழை கழிந்தபின் அடுத்த மாரிவரை வெயிலும் காற்றும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். எனவே அங்கு வழங்கும் முறைகளை அப்படியே இங்கு கையாளுதல் ஆகாது.

நீர் பற்றிய கணக்கு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. குடிநீரும் தோட்ட நீரும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தங்கும் மழைநீரேயாகும். இந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நீரின் கனவேற்றுமையைக் கொண்டு கணக்கிடின், கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். அவ்வாறே மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிப்பின், உவர்நீர் 40 அடி வரை மேலெழக்கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராயிருக்க, ஆழஞ்செல்லச் செல்ல உவர் கூடுவதைப் பலரும் அறிவர். ஒவ்வொரு வீட்டுக் கிணற்றின் கீழும் இதே நிலையே உண்டு; ஆழம் மாத்திரமே வேறுபடும்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் உயரத்திற்கு விடப்படும் நீர் 1 லீற்றர் ஆகும். கோடையில் ஒரு புற்றரையை இடையறாது பச்சையாக வைத்திருக்க நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும் எனக் கொள்வோம். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற தோட்டக்காணிக் கணக்கின்படி 1 பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஆகவே 1 பரப்புப் புற்றரைக்கு நாள்தோறும் 1,265 லீற்றர் வேண்டும். நான்கு மாதங்களில் அது ஏறக்குறைய 1,50,000 லீற்றராகும். இந்நீரில் மிளகாயும் கத்தரியும் விளைவிக்கலாம். ஆகவே ஒரு வீட்டிற்குக் கால் பரப்பு, அதாவது 26 அடி நீளமும் 26 அடி அகலமுமான துண்டு, தாராளமாகப் போதும். அதற்கு மேற்பட்ட நிலத்தில் நிழல்மரங்களை வைப்பது மேல்.

புல்லைத் தெரிதல்

குடாநாட்டிற்கு அறுகே தலைசிறந்த புல். கோவில் வீதிகளிலும் பள்ளி மைதானங்களிலும் ஒருவரும் நீருற்றாமலே அது நின்று பிழைப்பதைக் காண்கிறோம். கோடையில் அதன் இலை காய்ந்தாலும் நிலத்தின்கீழுள்ள தண்டு உயிரோடிருந்து, முதல் மழைக்கே தளிர்க்கும். நாற்று நிலையங்களில் மலேசியப்புல் என்ற பெயரில் விற்கப்படும் அகன்ற இலைப்புல் பார்வைக்கு அழகானது. ஓரளவு நிழலையும் தாங்கும். ஆனால் அதன் வேர் ஆழஞ்செல்லாது. நீர் தவறினால் விரைவில் மடியும். ஈரமிக்க தென்னிலங்கைக்கு அது பொருந்தலாம். கோப்பாய்ச் செம்மண்ணுக்குப் பொருந்தாது. தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணற்றுநீர் சற்று உவராயின் மணிலாப்புல்லை நடலாம். அது உவரைத் தாங்கும்; ஆயினும் மெதுவாகவே படரும். மாமரத்தின் அடர்ந்த நிழலில் எப்புல்லையும் வருத்தி வளர்க்க வேண்டாம். அவ்விடத்தை மரத்தின் சருகாலேயே மூடிவிடுக.

நிலம் பண்படுத்தல்

ஆவணியிலேயே வேலையைத் தொடங்குதல் வேண்டும். முதற்கண் கட்டட வேலையில் எஞ்சிய சீமெந்துக் கட்டி, சுண்ணாம்பு, ஓடு ஆகியவற்றை அகற்றுக. மீள்குடியேறிய வளவுகளில் இடிந்த சுவரின் கற்கள் மண்ணுக்குள் மூடுண்டு கிடக்கும். அவற்றின்மேல் நட்ட புல் கோடையில் வட்டம் வட்டமாகக் கருகும்போதுதான் பலர் காரணத்தைத் தேடுகின்றனர். பின்பு 6 அங்குல ஆழத்திற்கு மண்ணைக் கொத்திப் புரட்டி வெயிலில் விடுக. பாறை மேலெழுந்த இடங்களில் அவ்வளவு மண் கிடைக்காது. அங்கே புற்றரையைக் கைவிடுதலே புத்தி.

கோரைதான் இவ்வேலையில் முதற்பகை. கொத்தும்போது அதன் கிழங்கு அறுந்து, ஒன்று பலவாகப் பெருகும். ஆதலாற் கொத்திய நிலத்திற்கு ஒருமுறை சிறிது நீர் தெளித்து, கிழங்குகளை முளைக்கவிட்டு, முளைத்தவற்றைக் கிழங்கோடு முள்ளால் தோண்டி எடுத்தல் வேண்டும். இவ்வாறு இரண்டு அல்லது மூன்று முறை செய்க. நட்டபின் கோரையை எடுப்பதிலும் பார்க்க, நடுமுன் எடுப்பது பத்திலொரு பங்கு வேலை. குடாநாட்டிற் பரவியுள்ள பார்த்தீனியமும் வெளியிலிருந்து கொண்டுவரும் மண்ணோடும் புல்லோடும் வந்து சேரக்கூடியது. அதனைக் கையுறை அணிந்து, பூக்கும் முன்னரே பிடுங்கி எரித்துவிடுக.

நிலம் வீட்டுச் சுவரிலிருந்து வெளிநோக்கி, 10 அடிக்கு 2 அங்குலம் என்ற அளவிற் சரிந்திருத்தல் நன்று. நன்றாக மக்கிய கூட்டெருவை 1 அங்குலக் கனத்திற்குப் பரப்பி மண்ணோடு கலக்குக. பட்டியிலிருந்து எடுத்த பச்சை எருவை இடலாகாது. அதிலுள்ள களைவிதைகள் யாவும் முற்றத்தில் முளைக்கும். சுண்ணாம்பு இடவே வேண்டாம். எமது மண்ணில் அது வேண்டியதற்கு மேலாகவே உண்டு.

நடுகை

ஐப்பசியில் முதல் மழை நிலத்தை நனைத்தபின், வயல் விதைப்பு முடிந்த ஓய்வில் நடுவது உசிதம். மழையே நீர் ஊற்றும். வேர் பிடிப்பதற்குக் கிணற்றை நாடவேண்டியதில்லை. சித்திரைச் சிறுமழையை நம்பி நட்டவர்கள் பின் இரண்டு மாதம் வாளியோடு நிற்க நேரிடும்.

கோரை கலவாத இடத்தில் அறுகைத் தட்டாக வெட்டியெடுத்து, மண்ணை உதறி, இரண்டு மூன்று கணுக்களுள்ள துண்டுகளாகப் பிரிக்க. ஒரு சதுர அடித் தட்டைப் பிரித்தாற் பத்துச் சதுர அடி நிலத்திற்கு நடலாம். சரிவுக்குக் குறுக்காக 6 அங்குல இடைவெளியில் 2 அங்குல ஆழச் சால்கள் இழுத்து, துண்டுகளை 4 அங்குலத்திற்கு ஒன்றாகக் கிடத்தி, நுனி வெளியே தெரியும்படி மண்ணால் மூடி மிதித்துவிடுக. சால்களைச் சரிவோடு இழுத்தாற் கார்த்திகைப் பெருமழை ஓர் இரவில் அனைத்தையும் வாரிச் செல்லும். பிரித்த துண்டுகளை ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்து, அன்றே நட்டு முடித்தல் வேண்டும். வெயிலில் அரைமணி நேரம் கிடந்த துண்டுகளும் பயனற்றுப் போகும்.

வெட்டுதல்

புல் 3 அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு. ஒரே வெட்டில் உயரத்தின் மூன்றிலொரு பங்கிற்கு மேல் எடுக்கலாகாது. மாரியில் ஒன்றரை அங்குலம், கோடையில் 2 அங்குலம் நிற்கும்படி விடுக. தரையோடு ஒட்ட வெட்டினால் வேலை குறையுமெனச் சிலர் எண்ணுவர். இலை குறைந்தால் வேரும் குறையும். வேர் குறைந்தால் நீர்த்தேவை கூடும். வெட்டவெளியான இடத்திற் கோரை புகும். கத்தி கூராயிருத்தல் முக்கியம். மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும். கிழிந்த நுனி வெளுத்துக் காயும். சிறு வெட்டுப்புல்லை அவ்விடத்திலேயே விட்டால், அது மக்கித் தான் எடுத்த சத்தை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும்.

கோடையில் நீர்

நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதே முற்றத்திற் காணும் பெருந்தவறு. மேல் ஓரங்குலம் மட்டும் நனைவதால் வேரும் அவ்வளவிலேயே நின்றுவிடும். புல் நீலம்பாரித்த சாம்பல் நிறமாக மாறி, மிதித்த அடையாளம் உடனே நிமிராது நிற்கும்போது மட்டும், அதிகாலையில் ஆழமாக ஊற்றுக. ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பார்த்தால் 4 அங்குலம் வரை எளிதாக இறங்க வேண்டும். அரிசி கழுவிய நீரையும் இதற்குப் பயன்படுத்தலாம்.

கிணறு வற்றும் மாதங்களில் அறுகை உறங்கவிடுதலே சரியான முறை என்பது எனது துணிபு. அது பழுப்பு நிறமாவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். மூன்று கிழமைக்கு ஒருமுறை, நிலத்தின்கீழ்த் தண்டு முற்றாக உலராதிருக்குமளவு நீர் போதும். அக்காலத்தில் அதன்மேல் வாகனம் நிறுத்துவதையும் ஆடு மாடு கட்டுவதையும் தவிர்க்க. விருந்தினர் வரும் மாதம் ஆடி என்பதற்காகப் புல்லை ஆடியிற் பச்சையாக்க முயல்வோர், தம் கிணற்றோடு அயலார் கிணற்றையும் உவராக்கக்கூடும்.

பசளை

யூரியாவின் நூற்றில் 46 பங்கு நைத்தரசன். 1 கிலோகிராம் யூரியாவிலுள்ள நைத்தரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரிற் சேருமாயின், அது 2 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட நைத்திரேற்றாகும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த மேலெல்லை. அவ்வெல்லைப்படி, 1 கிலோகிராம் யூரியா 40,000 லீற்றர் தூய நீரை எல்லைவரை கொண்டுபோகப் போதுமானது. முழுவதும் இறங்குவதில்லை என்பது உண்மையே. எனினும் மெல்லிய மண்ணும் வெடித்த சுண்ணாம்புக்கல்லும் உள்ள இடத்தில் இறங்குவது சிறிதன்று. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்துள்ளமையை 1980களிலிருந்து நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி உடல் நீலம்பாரிக்கும் நோய் வரக்கூடும். நீரைக் கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

மற்றொன்றையும் கவனிக்க. அத்தகைய கிணற்றுநீரே ஒரு பசளையாகும். எல்லையளவு நைத்திரேற்றுள்ள நீரை ஒரு கோடையில் மொத்தம் 300 மில்லிமீற்றர் ஊற்றினால், கால் பரப்புப் புல்லுக்கு ஏறக்குறைய அரைக் கிலோகிராம் யூரியாவிலுள்ள நைத்தரசன் தானாகவே சேர்ந்துவிடும். அதன்மேல் யூரியா இடுவது பணத்தையும் கிணற்றையும் ஒருங்கே கெடுப்பதாகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்த மாதங்களில் யூரியாவின் அருமையை அறிந்த எவரும் அதனைப் புல்லுக்குக் கொட்ட மனங்கொள்ளார்.

புரட்டாசி முடிவில், அரித்த கூட்டெருவைக் கால் அங்குலக் கனத்திற்குத் தூவி, விளக்குமாற்றால் இலைகளுக்கிடையில் இறக்கிவிட்டால் ஓர் ஆண்டிற்குப் போதும். நைத்தரசன் குறைந்தால் முதிர்ந்த இலையே முதலில் மஞ்சளாகும். இளந்தளிர் மட்டும் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் காணப்படின் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது இயல்பு. 10 லீற்றர் நீரில் 50 கிராம் இரும்புச் சல்பேற்றுக் கரைத்து மாலையில் இலையில் தெளிக்க. சீமெந்துத் தரையிற் பட்டாற் கறைபடும்.

ஓரம்

புற்றரைக்கும் தோட்டத்திற்கும் இடையில் ஒரு மண்வெட்டி ஆழத்திற்குச் சிறு வாய்க்கால் வெட்டி, அதனை வெறுமையாகவே வைத்திருத்தல் கட்டாயம். மாரியில் மாதத்திற்கு இருமுறை ஓரத்தை வெட்டி, வாய்க்காலைத் தாண்டிய கொடிகளை வேரோடு எடுக்க. ஒரு கொடி வெங்காயப் பாத்தியை அடைந்தால் அடுத்த போகம் முழுவதும் அதனோடு போராட நேரிடும். வெட்டிய கொடிகளைக் கூட்டெருக் குழியில் இடலாகாது; கணு உயிரோடிருந்து எருவோடு தோட்டத்திற்கே திரும்பும். அவற்றை மாட்டுக்கு இடுக; எஞ்சியதைச் சீமெந்துத் தரையில் நன்கு உலர்த்தி எரித்துவிடுக. அயலவர் நடுகைக்குக் கேட்டால், ஐப்பசி மழைக்குப்பின் வெட்டும் கொடிகளைக் கோரைக்கிழங்கு நீக்கிக் கொடுக்கலாம்.