சக்தி டின்னிலா, வயிற்றிலா?

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் போதும், பல வீடுகளில் ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு டின் நிற்கிறது. 'ராத்திரி கண் முழிச்சுப் படிக்கிறான், ஒரு தெம்புக்குத்தானே' என்று அம்மாவே வாங்கி வைப்பதும் உண்டு. நைட் ஷிப்ட் போகும் மகள், வெயிலில் பைக்கில் அலையும் தம்பி, ஜிம்முக்குப் போகும் அண்ணன் என்று 'எனர்ஜி டிரிங்க்' பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

படபடப்பு வரும், தூக்கம் கெடும் என்பதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டதுதான். அதிகம் பேசப்படாத ஓர் இடத்தைப் பற்றி இப்போது பார்ப்போம். அதுதான் குடல். குறிப்பாக, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்.

குடலுக்குள் ஒரு குடித்தனம்

பாக்டீரியா என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். எல்லாமே நோய்க்கிருமிகள் அல்ல. 2016-ல் விஞ்ஞானிகள் போட்ட ஒரு கணக்கின்படி, சராசரி மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. பாக்டீரியாக்களோ சுமார் 38 லட்சம் கோடி! அத்தனையையும் அள்ளித் தராசில் வைத்தால் 200 கிராம்தான் வரும். இவற்றில் பெரும்பகுதி வசிப்பது பெருங்குடலில்.

இவர்கள் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கவில்லை. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்கு வரும்போது அதைப் புளிக்க வைத்து, 'பியூட்டிரேட்' போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறார்கள். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. கெட்ட கிருமிகள் வந்து உட்கார இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் இவர்களே.

சரி, நார்ச்சத்து வராவிட்டால்? பசித்த பாக்டீரியா சும்மா இருக்காது. குடல் சுவரைப் பாதுகாக்கும் வழவழப்பான சளிப்படலத்தையே தின்ன ஆரம்பிக்கிறது. 2016-ல் எலிகளிடம் நடத்திய ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. நார்ச்சத்து கிடைக்காத எலிகளுக்குப் படலம் மெலிந்து, நோய்க்கிருமி எளிதாக உள்ளே நெருங்கியது.

சித்த மருத்துவத்தில் எந்த நோயாளி வந்தாலும் பசி எப்படி, மலம் எப்படி என்று முதலில் கேட்பது வழக்கம். 'மந்தம்' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவோம். மந்தம் வந்தால் மற்ற நோய்கள் பின்னாலேயே வரும் என்பது எங்கள் பாடம். பாக்டீரியா என்ற பெயர் அந்தக் காலத்தில் கிடையாது. ஆனால் உடம்பின் கதவு வயிறு என்பது தெரிந்திருந்தது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது?

இப்போது டின்னைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பிரபலமான 250 மில்லி டின் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

சர்க்கரை: சுமார் 27 கிராம், அதாவது ஐந்தரை டீஸ்பூன். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமே சேர்த்த சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே டின்னில் அது தாண்டிவிடுகிறது! சர்க்கரையின் பெரும்பகுதி சிறுகுடலிலேயே ரத்தத்தில் கலந்துவிடும். ஒரேயடியாக அதிகம் வரும்போது, சிலருக்கு மிச்சம் பெருங்குடலுக்கு வழிந்து போகும். அங்கே அது வேகமாகப் புளித்து வாயு உண்டாகும். உப்புசம், இரைச்சல், சில நேரம் இளக்கமான மலம் எல்லாம் இதனால்தான்.

கஃபீன்: சுமார் 80 மில்லிகிராம். 'ஒரு கப் காபியிலும் இதே அளவு இருக்கிறதே' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐ.சி.எம்.ஆர். 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் உண்டு. ஆனால் கொதிக்கும் காபியை ஊதி ஊதிக் குடிப்போம். சில்லென்று இனிப்பாக இருப்பதை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு அடுத்த டின்னையும் உடைப்போம். காபி கேட்டால் 'உனக்கு எதுக்கு இப்பவே காபி' என்று அதட்டுகிற அதே வீட்டில், பன்னிரண்டு வயதுப் பையன் கையில் டின் இருக்கிறது! கஃபீன் பெருங்குடலைச் சுருங்கச் செய்யும். ஏற்கெனவே வயிறு எரிச்சல் உள்ளவர்களுக்கு அடிக்கடி கழிவறைக்கு ஓட வைக்கும். உடம்பில் சேர்ந்த கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தூக்கம் கெட்டால் குடலின் தாளமும் கெடும்.

டாரின்: சுமார் 1000 மில்லிகிராம். 'இது காளை மாட்டிலிருந்து எடுப்பதாமே?' என்று சைவக் குடும்பத்தார் பலர் கேட்கிறார்கள். 1827-ல் இதைக் காளையின் பித்தநீரிலிருந்து முதன்முதலாகப் பிரித்ததால் வந்த பெயர் அது. டின்னில் போடுவது தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிப்பது. நம் உடம்பே டாரின் தயாரிக்கிறது. பித்தநீரில் அதற்கு வேலை இருக்கிறது.

குடலில் டாரினுக்கு இரண்டு முகம். 'பைலோஃபிலா' என்ற ஒருவகை பாக்டீரியாவுக்கு டாரின் பிடித்த சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு, அழுகிய முட்டை நாற்றம் உள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியிடும். அந்த வாயு அதிகமானால் குடல் சுவருக்கு ஆகாது. அதே சமயம், 2021-ல் எலிகளுக்கு டாரின் கொடுத்துப் பார்த்தபோது, குடல் பாக்டீரியாக்கள் நோய்க்கிருமியை எதிர்க்கும் பலம் பெற்றன. ஆகவே டாரினை விஷம் என்றும் சொல்லக்கூடாது, அமிர்தம் என்றும் சொல்லக்கூடாது.

செயற்கை இனிப்பு: 'எங்க வீட்ல சுகர்-ஃப்ரீதான் டாக்டர்' என்று பெருமையாகச் சொல்பவர்கள் கவனிக்க. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 2022-ல் 120 பேரிடம் இரண்டு வாரம் சோதித்தார்கள். சாக்கரின், சுக்ரலோஸ் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாக்கள் மாறின. சர்க்கரையை உடம்பு கையாளும் விதமும் மாறியது. எல்லோருக்கும் ஒரே அளவில் அல்ல, ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. உடல் எடையைக் குறைக்கச் செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது.

இந்த ஆய்வுகள் எல்லாம் டின்னில் உள்ள பொருட்களைத் தனித்தனியாக எடுத்து, பல நேரம் எலிகளிடம் நடத்தியவை என்பதை மறக்க வேண்டாம். 'ஒரு டின் குடித்தால் குடல் போச்சு' என்று பயமுறுத்துவதற்காக நான் எழுதவில்லை.

இருப்பதைவிட, இல்லாததே பெரிய விஷயம்

என்னைக் கேட்டால், டின்னில் இருக்கும் பொருட்களைவிட இல்லாத ஒரு பொருள்தான் முக்கியம். ஒரு துளி நார்ச்சத்துகூட அதில் கிடையாது. அதைவிட மோசம், நார்ச்சத்துள்ள சாப்பாட்டின் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

சென்ற வருடம் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு மாணவனை அவன் தாயார் அழைத்து வந்தார். "எப்பவும் வயிறு உப்பிக்கிட்டே இருக்கு டாக்டர், சாப்பாடே இறங்கலை" என்றார். காலையில் என்ன சாப்பிடுவாய் தம்பி என்று கேட்டேன். பையன் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சு மணிக்கு டியூஷன் சார். ஒரு டின் குடிச்சிட்டுப் போயிடுவேன். ராத்திரி படிக்க இன்னொண்ணு" என்றான். டப்பாவில் கட்டிக் கொடுத்த இட்லி என்ன ஆயிற்று என்று அம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது!

காலை உணவு போய்விட்டது. வயிறு உப்புகிறது என்று மதியம் பொரியலும் கீரையும் ஒதுக்கிவிட்டான். தூக்கம் ஐந்து மணி நேரம். அவன் குடல் பாக்டீரியாக்களுக்கு என்ன மிச்சம்? பட்டினிதான். பத்து நாளில் படிப்படியாக டின்னை நிறுத்தச் சொன்னேன். இட்லி திரும்பி வந்தது, பதினோரு மணிக்கு விளக்கு அணைந்தது. மூன்று வாரத்தில் உப்புசம் நன்றாகக் குறைந்தது. டின் போனதாலா, சாப்பாடு வந்ததாலா, தூக்கத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள்.

வயிற்றுப்போக்குக்கு இது மருந்தல்ல!

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பேதியாகித் துவண்டு கிடக்கும் பிள்ளைக்குத் 'தெம்பு வரட்டும்' என்று சிலர் எனர்ஜி டிரிங்க் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். மேலே சொன்ன டின் பானத்தில் லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல் சர்க்கரை! அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். போக்கு இன்னும் அதிகமாகும். பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி. குழந்தை சோர்ந்து கண் செருகினால் உடனே ஆஸ்பத்திரி. வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமல்ல அது.

நிறுத்துவது எப்படி?

தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் தலைவலி, எரிச்சல், சோம்பல் வரும். 'பார்த்தியா, அது இல்லாம முடியலை' என்று மறுபடி டின்னைத் தேட வைப்பது இதுதான். ஆகவே இரண்டு டின் குடிப்பவர் ஒன்றாக்குங்கள். பிறகு பாதியாக்குங்கள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூடவே கூடாது.

பதிலுக்கு என்ன கொடுக்கலாம்?

* சின்ன வெங்காயத்தோடு பழைய சோறும் மோரும். இரவெல்லாம் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியா பெருகுகிறது. வெங்காயத்தில் உள்ள நார் பாக்டீரியாவுக்கு விருந்து.

* நீர்மோர். இஞ்சி, கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம் தட்டிப் போட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் தயிர் போன்ற புளித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் கூடின. உடலில் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன.

* மாலைப் பசிக்குப் பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு வாழைப்பழம்.

* வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு அல்லது வாழைப்பூ. நார் பழக்கமில்லாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே வெளுத்துக் கட்டினால் வாயுத் தொல்லைதான் மிஞ்சும்!

* இரவு படிக்கும் பிள்ளைக்கு மிளகு, சுக்கு தட்டிப் போட்ட சூடான பால். தூக்கம் வந்தால் தூங்கட்டும். படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான்.

யார் தொடவே கூடாது?

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆகியோருக்கு ஏற்றதல்ல என்று டின்னிலேயே அச்சிட்டிருக்க வேண்டும். எழுத்து சின்னதாக இருப்பதால் நாம்தான் படிப்பதில்லை. லித்துவேனியா 2014 முதலும், போலந்து 2024 முதலும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை விற்பதையே தடை செய்துவிட்டன. இதய நோய், ரத்தக் கொதிப்பு, குடல் அழற்சி நோய் உள்ளவர்களும் ஒதுக்கிவிடுவது நல்லது. இரண்டு வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் எது இருந்தாலும் டின்னைக் குறை சொல்லிக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போதோ கல்யாண வீட்டில், கிரிக்கெட் பார்க்கும்போது ஒரு பெரியவர் ஒரு டின் குடித்தால் குடல் கவிழ்ந்துவிடாது. தினசரிப் பழக்கம்தான் பிரச்னை. நாளைக் காலை பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, வெறும் வயிற்றோடு போகிறானா என்று மட்டும் பாருங்கள். இரண்டு இட்லி உள்ளே போய்விட்டால், டின்னுக்கு வேலை பாதி குறைந்துவிடும்.