மூன்று சேனலா, ஒன்றா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய திட்டத்தை நிதானமாகப் படித்தேன். காசிமேட்டு மீனையும் வியாசர்பாடி அத்தோவையும் காட்ட ஒரு யூடியூப் சேனல், குரூப் 4 தேர்வுக்குப் பாடம் நடத்த இன்னொன்று, கொடுங்கையூர்ச் செய்திக்கு மூன்றாவது. மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்தால் வாடகைக்காவது ஆகும், ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்று எழுதியிருக்கிறாய். வேலை தேடி அலைகிற நேரத்தில் கையில் இருக்கிற போனை வைத்து நாலு காசு பார்க்க நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அண்ணன் கோபமாக இருந்தால் அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் மூன்று வேண்டாம், ஒன்றே போதும் என்பது என் எண்ணம். பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்தியே தலை நரைத்தவன் நான். அதனால் உதாரணமெல்லாம் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

முதலில் கணக்கு. விளம்பரத்தில் முழுப் பங்கு கிடைக்க ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே, கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் ஜனங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி தடவை ஓடியிருக்க வேண்டும். இந்த வரம்பு ஆளுக்குக் கிடையாது, சேனலுக்கு. ஒரு சேனலில் சேர்ந்த மணி நேரத்தை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் உன் வீடியோவை நாலு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள். 60,000 பார்வை வேண்டும். வாரம் ஒரு வீடியோ போட்டால் வருஷத்துக்கு 52. ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 1,150 பேர் பார்த்தால் போதும். கொடுங்கையூர், மூலக்கடை, எம்.கே.பி. நகரில் இருக்கிற ஜனத்தொகைக்கு அது எட்டாத எண் இல்லை. அதே உழைப்பை மூன்றாகப் பிரித்தால் ஒரு சேனலுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு வீடியோதான் வரும், வருஷத்துக்குப் பதினேழு. அப்போது ஒவ்வொன்றையும் 3,500 பேர் பார்த்தாக வேண்டும். அதுவும் மூன்று வாரம் ஆளைக் காணாமல் போன சேனலுக்குத் திரும்பி வந்து பார்க்க வேண்டும்.

வரம்பைத் தாண்டிய பிறகு நீளமான வீடியோவுக்கு வரும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உனக்கு, ஷார்ட்ஸுக்கு 45 சதவீதம். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். முதல் வருஷம் வாடகை கொடுக்கிற பணம் இதில் கிடைக்காது, பாப்பா. இதை இப்போதே தெரிந்துகொண்டு தொடங்கு.

அடுத்து, ஒன்று படுத்தாலும் மற்றது தாங்கும் என்கிறாயே, அதற்கு வருகிறேன். 1908-ல் பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். ‘இந்தியா’ வார இதழ் அங்கிருந்து வெளிவரத் தொடங்கியது. பிறகு ‘விஜயா’ நாளிதழ், ‘கர்மயோகி’ மாத இதழ் என்று கூடிக்கொண்டே போயிற்று. அவ்வளவையும் எழுதக் கூடிய கை அது. ஆனால் படிக்கிற ஜனம் பெரும்பாலும் எல்லைக்கு இந்தப் பக்கம், ஆங்கிலேயன் ஆட்சியில் இருந்தது. இதழ்கள் உள்ளே வராமல் அரசு தடுத்தது. 1910-ல் ‘இந்தியா’ நின்றது. மற்றவையும் நிலைக்கவில்லை. இதழ் எத்தனை இருந்தால் என்ன, எல்லாம் அந்த ஒரே எல்லையைத் தாண்டித்தான் வாசகனிடம் போயாக வேண்டும்.

உன் மூன்று சேனலும் அப்படித்தான். ஒரே கம்பெனி, ஒரே கணக்கு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டுக் காப்புரிமை எச்சரிக்கை மூன்று வாங்கிவிட்டால், அந்தக் கணக்கையும் அதோடு சேர்ந்த சேனல்களையும் நீக்க யூடியூப் விதியில் இடம் இருக்கிறது. மீன் சேனலில் போட்ட பாட்டுக்குப் பாட சேனலும் போகும். ஆபத்தைப் பங்கிட வேண்டுமென்றால் பணம் வருகிற வழிதான் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பல இதழ் நடத்தி ஜெயித்தவர்கள் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறார்கள், அவர்களிடம்தான் பாடமே இருக்கிறது. 1878 செப்டம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கூட்டாளிகளும் சேர்ந்து ஆறு பேர், கடன் வாங்கிய ஒண்ணே முக்கால் ரூபாயில், நம் தங்கசாலைத் தெரு அச்சகம் ஒன்றில் 80 பிரதி அடித்து ‘தி ஹிந்து’வைத் தொடங்கினார்கள். நாலு வருஷம் கழித்து, 1882-ல், ஐயர் ‘சுதேசமித்திர’னைத் தொடங்கினார். இரண்டாவது எதற்கு? இங்கிலீஷ் படித்த வக்கீலும் உத்தியோகஸ்தரும் ஒரு கூட்டம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு கூட்டம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தாளைக் கொடுக்க முடியாது. அதனால் இரண்டு. அப்படியும் சுதேசமித்திரன் வெகுகாலம் வார இதழாகத்தான் இருந்தது. 1898-ல் ஹிந்துவிலிருந்து அவர் விலகினார். அடுத்த வருஷமே சுதேசமித்திரன் நாளிதழ் ஆனது. பாரதியார் 1904-ல் வந்து வேலைக்குச் சேர்ந்தது அந்த நாளிதழில்தான்.

விகடனை எடுத்துக்கொள். எஸ்.எஸ். வாசன் ‘ஆனந்த விகட’னை வாங்கியது 1928-ல். ‘ஜூனியர் விகடன்’ வந்தது 1983-ல். ‘பசுமை விகடன்’ 2007-ல். வயலில் நிற்கிறவனுக்கு ஒன்று, கார் வாங்கப் போகிறவனுக்கு வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர் குழு, தனி விளம்பரதாரர். உன்னிடம் இருப்பது நீயும் ஒரு போனும், அந்த போனிலும் இடம் நிறைந்துபோச்சு என்று போன மாதம்தான் புலம்பினாய்.

இணையத்திலும் இதற்குச் சான்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தாவும் பேரன்களும் சேர்ந்து 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021 ஜூலையில் 1 கோடி சந்தாதாரரைத் தொட்டது. அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அதுதான். அந்த வருமானத்திலிருந்து 10 லட்சம் ரூபாயை முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்கள். வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பது ஒன்றையே விடாமல் செய்தார்கள். அந்த உயரத்துக்கு அவர்கள் ஒரே சேனலில்தான் போனார்கள்.

ஆக, நீ உன்னையே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பார்க்கப் போகிறவர் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா? முத்தமிழ் நகரில் ஒரு அக்கா கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்குச் செய்தி பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்றும் அவரேதான் பார்ப்பார். ஆகவே செய்தியும் சாப்பாடும் ஒரே சேனலில், கிழமை மாற்றி வரட்டும். குரூப் 4 பார்க்கிற பையன் தென்காசியில் இருப்பான், ஓசூரில் இருப்பான். அவனுக்கு நம் கொடுங்கையூர்க் கால்வாயைப் பற்றி என்ன? அது உண்மையிலேயே தனி சேனல். அந்தத் துறையில் வருஷக்கணக்காக ஊன்றியவர்கள் ஏராளம், நீ ஒரு விடையைத் தப்பாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் போகும். அதை இப்போதைக்குத் தள்ளி வை. நீ தேர்வு எழுதித் தேறிய பிறகு யோசிக்கலாம்.

எல்லாவற்றையும் விட நான் ஊர்ச் செய்தியைச் சொல்வதற்குக் காரணம், அங்கே உனக்குப் போட்டி குறைவு, சரக்கு நிறைய. நகரத்தின் தென்பாதிக் குப்பை பெருங்குடிக்குப் போன காலமெல்லாம் வடபாதிக் குப்பை நம் வாசலில்தான் விழுந்தது. இப்போது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கிறார்கள். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025 மே மாதம் ஜனங்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். பெரிய டிவிக்காரர்கள் அன்று வந்து படம் எடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் யார் இருந்தது? நீ இருக்கலாம். தோண்டிய இடத்துக்குப் போய், சலித்த மண் எந்த லாரியில் ஏறுகிறது, பிளாஸ்டிக் எங்கே போகிறது என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேட்டு ஆறு நிமிடம் போடு. மாதா மாதம் அதே இடத்தில் நின்று மேடு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று காட்டு. மழைக்கு முன்னால் கொடுங்கையூர்க் கால்வாயைத் தூர் வாரினார்களா என்று நடந்து பார்த்துச் சொல். 2023 மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் நின்ற தெருக்களில் இந்தத் தடவை என்ன ஆயிற்று என்பதைக் கிருஷ்ணமூர்த்தி நகர்க்காரர் எவரும் பார்க்காமல் விடமாட்டார்.

பணம் வருகிற வழியையும் இதே இடத்தில் தேடு. 1994-ல் வின்சென்ட் டிசோசா ‘மயிலாப்பூர் டைம்ஸ்’ தொடங்கினார். வாராவாரம் வீட்டுக்கு இலவசமாக வந்து விழும். செலவைத் தாங்கியது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் விளம்பரம். அடையாறுக்குத் தனி இதழ், மாம்பலத்துக்குத் தனி இதழ் என்று சென்னையில் இந்த முறை பரவியதற்குக் காரணம், மயிலாப்பூர்ப் பாத்திரக் கடைக்காரர் அடையாற்றில் தன் பெயர் தெரியக் காசு கொடுக்கமாட்டார் என்பதுதான். நம் பக்கம் வாசலில் அப்படி ஒரு தாள் வந்து விழுந்து நான் பார்த்ததில்லை. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் இருக்கிற டியூஷன் சென்டர், ஸ்கேன் சென்டர், பிரியாணிக் கடை, டூவீலர் ஷோரூம் எல்லாருக்கும் வேண்டியது இந்த வட்டாரத்து ஆட்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து ஒருவர் பார்ப்பதால் அவர்களுக்கு லாபமில்லை, உன் 1,150 பேரால் லாபம் உண்டு. அதற்கு நீ 4,000 மணி நேரம் காத்திருக்கவும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இரு. காசு வாங்கிய வீடியோவில் ‘விளம்பரம்’ என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட வேண்டும். விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இதற்கு விதிமுறை கொண்டு வந்துவிட்டது. கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்துக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டால் போகாதே. நாளைக்குக் கால்வாய் பற்றிக் கேட்க உனக்கு வாய் வராது.

இரண்டாவது சேனல் எப்போது என்றால், முதலாவது தன் செலவைத் தானே தாங்கி, நீ ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தாலும் உன் சிநேகிதி ஒருத்தி அதை ஓட்டுகிற நிலை வந்த பிறகு. அப்போது திருவொற்றியூருக்கு ஒன்று, எண்ணூருக்கு ஒன்று என்று யோசிக்கலாம். அங்கே கடையும் வேறு, கவலையும் வேறு, ஆளும் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வா. வரும்போது நம் தெருவிலிருந்து மூலக்கடை வரைக்கும் இருக்கிற கடைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வா. விளம்பரக் கட்டண அட்டை எப்படிப் போடுவது, முதல் மாதம் யாரிடம் எவ்வளவு கேட்பது என்று இருவரும் உட்கார்ந்து எழுதிவிடலாம். உன் சித்தி மீன் வாங்கி வைப்பாள்.

அன்புடன்,
சித்தப்பா